பூவுக்கும் காமிராவுக்கும் இடையே ஓர் அடி

ஆண்டு விழாவை ஒட்டி நம் சங்கம் வெளியிடும் இந்தத் தொகுப்புக்கு 'மலர்' என்றே பெயர். ஆயினும் இதுவரை வெளிவந்த மலர்களில் மலரைப் பற்றி எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. அக்குறையை நீக்கும் தகுதி எனக்கு உண்டென்று சொல்லத் துணியேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளுபவன் நான். எனினும் என் தந்தையார் விட்டுச் சென்ற ஒரு பழைய காமிராவும், ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி நிறைய நெகடிவ்களும் என்னை இப்பணிக்கு இழுத்துவிட்டன. பூவை அருகிலிருந்து படம் பிடிக்க மனிதன் பட்ட பாட்டின் வரலாற்றை நான் அறிந்த அளவில் சொல்லுகிறேன். அன்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

பூவைத் தேடிய முதல் நிழற்படங்கள்

நிழற்படக் கலை பிறந்த நாளிலேயே செடிகொடிகளை நாடியது. இங்கிலாந்தில் டால்பாட் என்பார் 1830களில் ஒளியுணர்வுள்ள காகிதத்தின்மேல் இலைகளையும் பூக்களையும் வைத்து, வெயிலில் காட்டி, அவற்றின் உருவங்களைப் பதித்தார். அந்நாட்டிலேயே அன்னா அட்கின்ஸ் என்னும் பெண்மணி 1843ஆம் ஆண்டு முதல் கடற்பாசிகளின் உருவங்களை நீல நிறத் தாள்களில் பதித்து, நூலாகப் பகுதி பகுதியாக வெளியிட்டார். நிழற்படங்களால் விளக்கம் பெற்ற முதல் நூல் அதுவே என்பர். இவ்விரண்டிலும் காமிரா இல்லை. செடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளியே இல்லாமையால், தூரத்தை அளக்கும் தொல்லையும் இல்லை.

பின்னர்ப் பெரிய மரக் காமிராக்கள் வந்தன. பிரான்சில் அடால்ப் பிரான் என்பவர் துணிகளுக்குப் பூ வேலைப்பாடு வரையும் தொழிலில் இருந்தவர். வரைவோருக்கு மாதிரியாக உதவும்பொருட்டு 1850களில் அவர் ஏறக்குறைய 300 மலர்ப் படங்களை எடுத்தார். ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்பெல்ட் என்னும் ஆசிரியர், கலைப்பள்ளி மாணவருக்குச் செடிகளின் வடிவத்தைக் கற்பிக்கும்பொருட்டு, தாமே அமைத்துக்கொண்ட காமிராவினால் மொட்டுகளையும் தளிர்களையும் பல மடங்கு பெரிதாகப் படம் பிடித்தார். அவருடைய நூல் 1928இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

இம்மரக் காமிராக்களின் பின்புறம் ஒரு தேய்த்த கண்ணாடி இருக்கும். லென்ஸ் காணும் காட்சி அக்கண்ணாடியில் தலைகீழாக விழும். படம் எடுப்பவர் கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, பூ தெளிவாகத் தெரியும் வரை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துவார். பிறகு கண்ணாடியை நீக்கித் தகட்டைப் பொருத்துவார். அவர் கண்டதும் தகடு கண்டதும் ஒன்றே. இவ்வசதியை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். அடுத்து நாம் இழக்கப்போவது இதைத்தான்.

சிறிய காமிராவும் அதன் இரு கண்களும்

ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்தில் லைட்ஸ் என்னும் கம்பெனி நுண்ணோக்கிகளைச் செய்து வந்தது. அங்கே 1911இல் பணியேற்ற ஆஸ்கார் பர்னாக் என்பவர் இளைப்பு நோயாளி. பெருங்காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து மலைப்பாதைகளில் நடக்க அவரால் இயலவில்லை. ஆகவே சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் பிலிமைக்கொண்டு இயங்கும் சட்டைப்பை அளவுள்ள காமிரா ஒன்றை அமைத்தார். சினிமாப் பிலிமின் இரண்டு கட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கியதால் 24 மில்லிமீட்டருக்கு 36 மில்லிமீட்டர் என்ற அளவு பிறந்தது. அக்காமிரா 'லைகா' என்னும் பெயருடன் 1925இல் லைப்சிக் நகரச் சந்தையில் அரங்கேறியது.

ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்க வேண்டும் என்பது இதற்கும் பொருந்தியது. சிறுமை கிடைத்தது, தேய்த்த கண்ணாடி போயிற்று. லென்ஸ் ஒரு வழியாகப் பார்த்தது; மனிதன் மேலே உள்ள சிறு சன்னல் வழியாகப் பார்த்தான். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டோ, தனிக் கருவியால் அளந்தோ லென்ஸில் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. 1932இல் இரண்டாம் லைகாவும், ட்ரெஸ்டன் நகரத்தின் கான்டாக்ஸும் இதற்கு ஒரு வழி கண்டன. தூரங்காணும் கருவி லென்ஸோடு இணைக்கப்பட்டது. இதுவே ரேஞ்ச்பைண்டர் காமிரா.

இதன் தத்துவம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1802இல் லாம்டன் என்னும் ஆங்கில அதிகாரி சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில் தரையில் ஒரு நேர்கோட்டை நுட்பமாக அளந்தார். அதன் இரு முனைகளிலிருந்தும் எட்டத்திலுள்ள ஒரு குறியைப் பார்த்து, கோணங்களைக்கொண்டு தூரத்தைக் கணக்கிட்டார். இந்தியப் பெருநில அளவை அவ்வாறுதான் தொடங்கியது. ரேஞ்ச்பைண்டர் காமிராவின் நெற்றியில் உள்ள இரண்டு சன்னல்களும் அக்கோட்டின் இரு முனைகள் போன்றவை. இரண்டின் வழியாகவும் வரும் உருவங்கள் முதலில் விலகித் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப அவை நெருங்கி ஒன்றாகும். ஒன்றானவுடன் லென்ஸும் சரியான தூரத்தில் நின்றிருக்கும். ஆளைப் படம் பிடிக்கவும், தெருக் காட்சியைப் பிடிக்கவும் இதைவிட விரைவான வழி அந்நாளில் இல்லை.

பூவை எடுக்கும்போதுதான் வந்தது வினை. லைகாவின் சாதாரண லென்ஸ் ஒரு மீட்டருக்கு உள்ளே நெருங்காது. அதைவிடப் பெரிய சங்கடம் இரு கண்களின் விலகல். பார்க்கும் சன்னல் லென்ஸுக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக இருக்கிறது. நான்கு சென்டிமீட்டர் விலகல் என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் தூரத்தில் படம் ஐந்து மீட்டர் உயரக் காட்சியை அடக்கும். அங்கே நான்கு சென்டிமீட்டர் ஒரு பொருட்டே அன்று. ஓர் அடி தூரத்திலோ, படத்துக்குள் அடங்குவதே 15 சென்டிமீட்டர்தான். அங்கே நான்கு சென்டிமீட்டர் தவறினால் பூவின் தலையே போய்விடும்.

கோப்புக்கு வந்தது பூவுக்கு உதவியது

இக்குறையைத் தீர்க்கப் பல துணைக்கருவிகள் தோன்றின. 1930களில் லைட்ஸ் கம்பெனி ஓர் இணைப்பைச் செய்தது. அதைப் பொருத்தினால் ஒரு மீட்டருக்கு உள்ளே சுமார் 45 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். பார்வை விலகலையும் அது திருத்தித் தரும். கான்டாக்ஸ் காமிராவுக்கென்று 50, 30, 20 சென்டிமீட்டர் தூரங்களுக்கு மூன்று துணை லென்ஸ்களும் அவற்றோடு சேர்த்துப் பயன்படும் ஒரு தூரங்காணியும் வந்தன. 1935இல் லைகாவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வந்தது. அது பழைய தேய்த்த கண்ணாடியைச் சுற்றுவழியில் மீண்டும் கொண்டுவந்த ஏற்பாடேயாகும். 1954இல் வந்த லைகா எம்-3இல், தூரத்திற்கு ஏற்பத் தாமாகவே நகரும் கட்டங்கள் பார்வைச் சன்னலில் ஒளிர்ந்தன. 1956இல் அதற்கென வந்த ஒரு லென்ஸ், முன்னால் மூக்குக்கண்ணாடி போன்ற ஓர் இணைப்பை மாட்டிக்கொண்டால் 48 சென்டிமீட்டர் வரை நெருங்கியது.

இவ்வகைக் கருவிகளில் பல பூவுக்காகப் பிறந்தவை அல்ல என்பது, குமாஸ்தாவாகிய எனக்குச் சற்றே பெருமை தரும் செய்தி. நான்கு கால்களை ஊன்றித் தாளின்மேல் நிற்கும் லைகாச் சட்டங்கள் ஆவணங்களை நகல் எடுப்பதற்கே செய்யப்பட்டன. ஜப்பானின் நிக்கான் கம்பெனி 1956இல் தன் ரேஞ்ச்பைண்டர் காமிராவுக்காக 'மைக்ரோ நிக்கோர்' என்ற லென்ஸை வெளியிட்டது. நெருக்கமான கோடுகளையுடைய அந்நாட்டு எழுத்துகளைச் சிறு பிலிமில் தெளிவாகப் பதிப்பதே அதன் நோக்கம். கோப்புகளை நகல் எடுக்க வந்த கருவிகளைப் பூப்பிரியர்கள் தோட்டத்துக்கு எடுத்துச் சென்றார்கள்.

1959இல் அதே கம்பெனி நிக்கான் எப் என்னும் காமிராவை வெளியிட்டது. உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்து நின்று, லென்ஸ் காண்பதையே கண்ணுக்குக் காட்டியது. அத்தகைய காமிராக்கள் அதற்கு முன்னரே இருந்தனவாயினும், இதன் பிறகே அவை உலகெங்கும் ஆதிக்கம் பெற்றன. பூவைப் படம் பிடிப்போர் ரேஞ்ச்பைண்டரைக் கைவிட்டனர். ஆயினும் பணமுடைய நாடுகளில் கைவிடப்பட்ட கருவி, நம்மைப் போன்றவர் வீட்டில் இன்னும் பல ஆண்டுகள் உழைத்தது.

எங்கள் வீட்டுக் காமிரா

என் தந்தையார் கரக்பூர் ரயில்வே தொழிற்சாலையில் பிட்டராகப் பணியாற்றியவர். 1986இல் அவர் ஒரு யாஷிகா எலக்ட்ரோ 35 காமிராவைப் பழைய விலைக்கு வாங்கினார். 1966இல் வெளிவந்த ஜப்பானிய வகை அது. லென்ஸின் துளையை நாம் வைத்தால், எவ்வளவு நேரம் ஒளி விழ வேண்டும் என்பதை அதுவே மின்கலத்தின் உதவியால் முடிவு செய்துகொள்ளும். பிலிம் பெரும்பாலும் உதகமண்டலத்திலிருந்து வந்தது. 1960இல் அங்கே நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்தது. இந்து என்றால் நிலா. அத்தொழிற்சாலை இன்று இயங்கவில்லை.

எங்கள் குடியிருப்பின் பின்கட்டில் ஒரு பவழமல்லி மரம் நின்றது. திருமணமாகி வந்தபோது அம்மா கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து ஒரு கன்றை ஈரச் சாக்கில் சுற்றி, சென்னை வரை ஒரு வண்டியிலும் அங்கிருந்து ஹவுரா மெயிலிலுமாக மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். பக்கத்து வீட்டு வங்காளி அம்மையார் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். "இது எங்கள் ஷியூலி அல்லவா? இந்த ஊரில் வேலிக்கு வேலி நிற்கிறதே, இதையா ரயிலில் கொண்டுவந்தாய்?" என்று கேட்டாராம். ஷியூலி மேற்கு வங்காளத்தின் மாநில மலர். துர்க்கை பூசைக் காலத்தில் பூப்பது. அம்மாவோ, "இருக்கட்டும் அக்கா, இது எங்கள் வீட்டு மரம்" என்று சொல்லி நட்டுவிட்டார்.

அம்மரத்தின் பூவைத்தான் அப்பா படம் பிடிக்க விரும்பினார். யாஷிகாவோ 80 சென்டிமீட்டருக்கு உள்ளே நெருங்காது. அத்தூரத்தில் படம் ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் உயரத்தையும் 56 சென்டிமீட்டர் அகலத்தையும் அடக்கும். ஒரு பூங்கொத்து அதற்குள் எங்கோ ஒரு மூலையில் புள்ளியாகக் கிடக்கும். கல்கத்தாவில் ஒரு பழைய சாமான் கடையில் அப்பா ஒரு துணை லென்ஸைத் தேடிப் பிடித்தார். அதன் சக்தி கூட்டல் இரண்டு. நாம் அணியும் வாசிப்புக் கண்ணாடி போன்றதே அது. அதை முன்னால் திருகிவிட்டால் ரேஞ்ச்பைண்டர் பயனற்றுப் போகும். இரண்டு உருவங்களும் ஒன்றாகும் இடத்தில் பூ தெளிவாக இராது. கணக்குப் போட்டுத்தான் தூரத்தைக் காண வேண்டும். லென்ஸை 80 சென்டிமீட்டரில் வைத்து அத்துணை லென்ஸைப் பொருத்தினால், பூ நிற்க வேண்டிய தூரம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். அதாவது ஓர் அடி.

ஓர் அடியை அளக்கக் கருவி வேண்டுமா என்ன? என் பள்ளிக்கூட அடிக்கோலே போதுமானதாயிற்று. எனக்கு அப்போது ஏழு வயது. விடியற்காலையில் அப்பா என்னை எழுப்பிவிடுவார். ஸ்டூலின்மேல் செங்கற்களை அடுக்கி, அதன்மேல் காமிராவை வைப்பார். நான் அடிக்கோலின் ஒரு முனையை லென்ஸ் வளையத்திலும் மறுமுனையைப் பூவின் நடுவிலும் தொடுமாறு பிடிப்பேன். தூரம் சரியானதும், "எடுத்துடு, மூச்சு விடாதே" என்பார். பவழமல்லி மாலையில் மலர்ந்து விடியலில் உதிரும் பூ. வெளிச்சம் வருவதற்கும் பூ உதிர்வதற்கும் நடுவே கிடைப்பது சிறு பொழுது. ஒளி குறைவாதலால் காமிரா நெடுநேரம் கண் திறந்திருக்கும். சிறு காற்று அடித்தாலும் படம் கலங்கிவிடும். துளையை 16இல் வைத்தால் முன்பின்னாக நான்கு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தெளிவு கிடைக்கும். ஆனால் நேரம் நீளும். 5.6இல் வைத்தால் நேரம் குறையும்; தெளிவு ஒன்றரை சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவில்தான் அப்பாவின் போராட்டம்.

முதல் சுருளைக் கோல்பஜாரில் கழுவி வாங்கியபோது, கொத்தின் உச்சி எல்லாப் படங்களிலும் அறுபட்டிருந்தது. சன்னலில் முழுக் கொத்தையும் கண்டிருக்கிறார்; லென்ஸோ கீழே பார்த்திருக்கிறது. யாஷிகாவின் வழிகாட்டும் கட்டம் 80 சென்டிமீட்டர் வரை நகர்ந்து விலகலைத் திருத்தும். அதற்கு உள்ளே திருத்தாது. ஓர் அடி தூரத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம் எஞ்சிவிடும். இதை அவருக்குச் சொல்லித் தர எவரும் இல்லை. நெகடிவ்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவர் கற்றுக்கொண்ட வழி முழுதும் தெரிகிறது. முதல் சுருளில் தலையில்லாப் பூக்கள். இரண்டாவதில் தலை உண்டு, தெளிவில்லை. மூன்றாவதில் தெளிவு உண்டு, காற்று கெடுத்துவிட்டது. நான்காம் சுருளில் பதின்மூன்றாம் படம் சரியாக அமைந்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் அன்றைய குறிப்பு இரண்டே வரி: "தூரம் ஓர் அடி. பார்த்தபின் ஓர் அங்குலம் மேலே தூக்குக." வெட்ஸ்லாரிலும் ட்ரெஸ்டனிலும் பொறியாளர்கள் தீர்த்த வழக்கை, ஒரு தொழிலாளி அடிக்கோலாலும் செங்கற்களாலும் தம் வீட்டுப் பின்கட்டில் தீர்த்துக்கொண்டார்.

பெரிதாக்கிய படத்தை அம்மாவிடம் காட்டினார். அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "காம்பு பவழமாத் தெரியலையே" என்றார். கறுப்பு வெள்ளையில் பவழம் ஏது? அடுத்த ஆண்டு அப்பா ஒரு கலர்ச் சுருள் வாங்கினார். அதில் காம்பு பவழமாகவே வந்தது. வீடு முழுவதும் மகிழ்ச்சி.

எஞ்சியது எது?

அப்பா 1999இல் பணியில் இருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. சென்ற ஆண்டு எங்கள் பழைய குடியிருப்பு வரிசை இடிக்கப்பட்டது, மரமும் போயிற்று. வீட்டைக் காலி செய்தபோது பிஸ்கட் பெட்டியைத் திறந்தேன். வங்காளத்து ஈரம் சும்மா இருக்கவில்லை. சில சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சிலவற்றில் பூஞ்சை கோலம் போட்டிருந்தது. சிலவற்றிலிருந்து வினிகர் நெடி வந்தது. பிலிமின் அடித்தாளே அழியத் தொடங்கிவிட்டதற்கு அதுவே அறிகுறி. கலர்ப் படத்தின் சாயங்கள் வெளிறிப்போய்ப் பவழமும் வெள்ளையும் ஒரே செம்மங்கலாகிவிட்டன. நான்காம் சுருளின் பதின்மூன்றாம் கட்டம் மட்டும் வெள்ளிக் கறுப்பில் அப்படியே நின்றது. இதழ்களின் முறுக்கும், ஒரு பனித்துளியும், கீழ் ஓரத்தில் என் அடிக்கோலின் முனையும் அதில் இருக்கின்றன. நான் போதிய விரைவோடு எடுக்கவில்லை போலும்!

அம்மாவுக்கு இப்போது பார்வை மங்கல். படத்தைக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்து, "காம்பு பவழமாத்தான் இருக்கு" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

அன்பர்களே! நம் காலனியில் எத்தனை வீடுகளின் பரண்மேல் இத்தகைய பெட்டிகள் கிடக்கின்றன? சங்கத்தின் முதல் பொங்கல் விழா, நாம் கட்டிய கோயில், ஊரிலிருந்து கொண்டுவந்து நட்ட கறிவேப்பிலை, கனகாம்பரம், நந்தியாவட்டை இவையெல்லாம் அவற்றுள் இருக்கலாம். குடியிருப்புகள் நமக்குச் சொந்தமல்ல. பணி முடிந்தால் விட்டுச் செல்ல வேண்டியவையே. மண்ணில் நட்டதை உடன் எடுத்துச் செல்ல இயலாது. பிலிமில் பதித்ததை எடுத்துச் செல்லலாம். ஆகவே பழைய நெகடிவ்களைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடாதீர்கள். ஓரங்களை மட்டும் தொட்டு எடுத்து, தனித்தனிக் காகித உறைகளில் இட்டு, ஈரமும் சூடும் அண்டாத இடத்தில் வையுங்கள். வினிகர் நெடி வீசுவதை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். வெள்ளை ஒளித் திரையின்மேல் வைத்துக் கைப்பேசியால் நகல் எடுத்துக்கொள்ளலாம். இன்னது, இந்த ஆண்டு, இன்னாருடையது என்று உறையின்மேல் எழுதிவிடுங்கள். எழுத நாள் தள்ளினால் சொல்லத் தெரிந்தவர் இல்லாமற் போவார்.

அந்த யாஷிகா இன்றும் இயங்குகிறது. அதற்குரிய பாதரச மின்கலம் இப்போது கிடைப்பதில்லை. வேறு மின்கலத்தைத் தகட்டு வளையம் வைத்துப் பொருத்தியிருக்கிறேன். புதிய குடியிருப்பின் வாசலில் ஒரு பவழமல்லிக் கன்று வைத்திருக்கிறோம். இம்முறை ரயிலில் வரவில்லை. அந்த வங்காளி அம்மையாரின் பேரன் தம் வீட்டு வேலியிலிருந்து தோண்டித் தந்தான். அது பூக்கும் காலத்தில் அடிக்கோலைப் பிடிக்க என் மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.